பாவு போட்ட இடத்தில் பள்ளிக்கூடம்

பட்டுக்கடைக்குள் நுழைந்ததும் புதுப் பட்டும் ஊதுபத்தியும் ஏசிக் குளிரும் கலந்து ஒரு வாசனை வருமே, அதை முகர்ந்தால் உங்களுக்குக் கல்யாணம் நினைவுக்கு வரும். எனக்குப் பழிவாங்கத் தோன்றும். போன வாரம் பெரிய காஞ்சிபுரத்தில் அதைச் செய்தும் விட்டேன். ஒரு கடையில் முக்கால்வாசிப் புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லி, ஒன்றும் வாங்காமல் வந்தேன். என்னைப் போன்ற கோழைக்கு இதுவே பெரிய போர்.

அந்தக் கடை முதலாளிக்குத்தான் ஐயம்பேட்டையில் எங்கள் தெருத் தறிகளெல்லாம் ஒரு காலத்தில் நெய்தன. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று நெய்யும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, கரை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைத் தள்ளிவிட இன்னோர் ஆள் வேண்டும். அது பெரும்பாலும் அஞ்சாவது முடித்த பிள்ளையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடமும் அஞ்சாவதோடு முடிந்துவிடும். முதலாளிக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

அதைக் கெடுக்கிற மாதிரி சர்க்கார் உயர்நிலைப் பள்ளி கட்ட முன்வந்தது. தெருக்கோடிப் புறம்போக்கில் இடம் பார்த்தார்கள். அக்கா அப்போது அஞ்சாவது முடித்திருந்தாள். ஆறாவதுக்கென்று ரிப்பன்கூட வாங்கி வைத்திருந்தாள்.

பாவு என்பது புடவையின் நீளவாட்டு நூல். தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். இழுத்துக் கட்டிய பாவை எங்கள் ஜனங்கள் தாண்டவும் மாட்டார்கள், அடியில் நுழையவும் மாட்டார்கள்; ஆகாது என்பார்கள். சர்வேயர் அளக்க வரும் நாளெல்லாம் அந்தப் புறம்போக்கில் முதலாளியின் பாவு காய்ந்தது. கட்டியவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். கட்ட மாட்டேன் என்றால் மறுநாள் தறிக்கு நூல் வராது. "பாவு காயுது சார், அப்பறமா வாங்க" என்பார் முதலாளி. சர்வேயரும் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

அடுத்து வந்த சர்வேயர் தென்னேரிப் பக்கம், விவசாயக் குடும்பம். "இன்னாபா இது, கொடி கட்டி வெச்சிக்கினு?" என்று குனிந்து, அளக்கிற சங்கிலியோடு பாவுக்கு அடியில் நுழைந்து, தலையெல்லாம் கஞ்சியாக மறுபக்கம் எழுந்தார். ஊர் வாயைப் பிளந்தது. ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடம் வந்தது.

நான் அதில் படித்தேன். இலவசப் புத்தகம், சத்துணவு, பஸ் பாஸ் என்று சர்க்கார் செலவிலேயே வளர்ந்து, சர்க்கார் குமாஸ்தாவாகி, ஆபீஸ் நேரத்தில் நகைச்சுவை எழுதுகிறேன். இந்த நஷ்டத்தைத் தெருவின் நர்சுகளும் என்ஜினியர்களும் ஈடுகட்டிவிட்டார்கள். அக்கா அதற்குள் தறியில் உட்கார்ந்துவிட்டாள். கை பழகிய பிள்ளையை முதலாளி விடவில்லை.

போன வாரம் அக்காவோடு அந்தக் கடைக்குப் போனது அவள் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க. மகள் அதே பள்ளியில் படித்த என்ஜினியர். முதலாளி எங்களைப் பார்த்து மலர்ந்தார்.

"வாம்மா வா! இப்பல்லாம் நமக்கு ஐயம்பேட்ட ஜனங்கதான் பெரிய யாவாரம். எல்லாம் படிச்சி சம்பாரிக்கிறாங்கோ."

எனக்கு வயிறு எரிந்தது. சர்க்கார் எங்கள்மேல் போட்ட காசுக்கு விளைச்சல் இந்த மனுஷன் கல்லாவிலும் அல்லவா விழுகிறது!

அதோடு விட்டாரா? "அந்த ஸ்கூல் வர்றதுக்கு நான் எவ்ளோ பாடுபட்டேன்னு ஒங்க அப்பாவ கேட்டா தெரியும்."

அக்கா ஒரு புடவையின் முந்தியைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "தெரியும் மொதலாளி. ஒரு வருஷம் பாடுபட்டீங்க. அந்த வருஷம் என்னுது."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. காபி சொல்லி அனுப்பினார். நான் ஒவ்வொரு புடவையாகப் பிரித்துப் போடச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"இன்னாமா, ஒண்ணும் புடிக்கலியா?"

"எல்லாமே நல்லாக்குது மொதலாளி. எதிர்க்கடைல வாங்கிக்கிறோம்" என்றாள் அக்கா.

அந்தக் காலத்தில் இவர் தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினால் போதும், நெய்கிறவர்கள் தறியை நிறுத்திவிட்டு, கால் இறக்கி உட்கார்ந்திருக்கும் தறிக்குழியிலிருந்து எழுந்து நிற்பார்கள். அப்பா தோள்துண்டை இடுப்புக்கு இறக்குவார். அந்த வழக்கம் இப்போது எங்கள் தெருவில் அடியோடு இல்லை. அது ஒழிந்ததற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் என்னிடம் இல்லை.

வாசல்வரை வழியனுப்ப முதலாளி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். பாவம், முழங்கால் வலி போலிருக்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சாவகாசமாகத் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.