பெண் பார்த்த அன்று கிளம்பாத லாரி

அழுகின முட்டைக்கோஸ் வாசனையை நான் இந்த ஜன்மத்தில் மன்னிக்க மாட்டேன். அறுபதுகளின் நடுவில், ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை, பம்பாய் மாட்டுங்காவில் எங்கள் கட்டட வாசலை அடைத்துக்கொண்டு ஒரு குப்பை லாரி நின்றது. யாரோ ஒப்பந்தக்காரருடைய லாரி. சனிக்கிழமை சாயங்காலமே நிரம்பி வழிந்துவிட்டது. இனிமேல் போனால் செம்பூர்ப் பக்கத்துக் குப்பைமேடு மூடியிருக்கும் என்று டிரைவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, தாராவிக்கு நடந்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். ராத்திரி பூராவும் அது சொட்டிக்கொண்டே இருந்தது. விடிந்து பார்த்தால் எங்கள் வாசல்படி வரை கறுப்பாக ஒரு ஓடை.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அது ஒன்பதாவது கோஷ்டி. அப்பா ரிட்டயராக எட்டு மாதம் இருந்தது. அதற்குள் என்னைக் கரையேற்றிவிட வேண்டும் என்று தூக்கத்தில்கூடப் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கும் இந்த இடம் வேண்டித்தான் இருந்தது, மறைப்பானேன்? போட்டோவில் பையனுக்கு நல்ல கண்.

அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். குப்பை நாற்றமும் சாம்பிராணியும் சேர்ந்தால் வெறும் குப்பையே தேவலை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எட்டரைக்கு டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பப் பார்த்தார். ஸ்டார்ட்டர் கரகரவென்று இழுத்தது, அடங்கியது. மறுபடி இழுத்தது, அடங்கியது.

'பொறுமை கெட்ட மனுஷன்' என்று நான் பல்லைக் கடித்தேன். ஏனென்றால் எனக்கு விஷயம் தெரியும். குர்லாவில் டீசல் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு ஆபீசில் நான் டைப்பிஸ்ட். எஞ்சினைத் திறந்து பார்த்தது கிடையாது, ஆனால் அது எப்படிக் கிளம்பும் என்று நகலெடுக்கும் ஸ்டென்சிலில் நூறு தடவையாவது அடித்திருக்கிறேன். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. அழுத்தின காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூடு போதாது. அதற்காகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். டிரைவர் குமிழைப் பாதி இழுத்துப் பிடித்தால் மின்சாரம் பாய்ந்து பிளக்கின் நுனிக் கம்பி பழுக்கும். அவர் கண்ணெதிரில், ஒரு சின்னச் சல்லடைக்குப் பின்னால் இன்னொரு கம்பிச் சுருள் உண்டு. அது சிவந்தால் உள்ளேயும் சிவந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் குமிழை முழுக்க இழுத்தால் வண்டி கிளம்பும். மொத்தமே ஒரு நிமிஷ வேலை.

கிளம்பவில்லை என்று யாராவது புகார் எழுதினால், எங்கள் மேனேஜர் ஒரே பதில்தான் சொல்வார்: கோளாறு பிளக்கில் இல்லை, டிரைவரின் அவசரத்தில் இருக்கிறது. அதையும் நான்தான் அடிப்பேன்.

பிள்ளை வீட்டார் ஓடையைத் தாண்டிக் குதித்து வந்தார்கள். பையன், அவன் அம்மா, ஒரு மாமா. உட்கார்ந்த கையோடு லாரி ஒரு தடவை இருமி, எரியாத டீசலை வெள்ளைப் புகையாகக் கூடத்துக்குள் அனுப்பியது. கண் கரித்தது. மாமா ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினோம். புழுங்குகிறது என்றார். ஃபேனைப் போட்டோம். புகை எல்லார் தலைக்கு மேலும் சுற்றியது.

பையன் இடது கையால் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தான். வலது கை பஜ்ஜித் தட்டில் இருந்தது. கைக்குட்டையைத் தூக்குவான், ஒரு பஜ்ஜியை உள்ளே தள்ளுவான், மறுபடி மூடிக்கொள்வான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு பஜ்ஜி.

"இந்த நாத்தத்துல உக்காந்து எப்படிப் பேசறது?" என்றார் மாமா.

"இதோ, ஒரு நிமிஷம்" என்று அப்பா எழுந்து போனார். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கரை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் இருவரோடு, அப்பா லாரியின் பின்பலகையில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் முழங்கை வழியாக அந்தக் கறுப்புத் தண்ணீர் வழிந்தது. லாரி அசையவில்லை.

பையனும் எட்டிப் பார்த்தான். "அந்தக் கையால நமக்குக் காபி குடுக்க மாட்டாரே?" என்றான்.

அவன் அம்மா சிரித்தாள். என் அம்மாவும் சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பட்டுப்புடவையோடு படியிறங்கிவிட்டேன்.

நேரே டிரைவரிடம் போய், "குமிழைப் பாதி இழுத்துண்டு ஒரு நிமிஷம் பொறுத்தா என்ன? எல்லாம் உங்க அவசரம்" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் திருநெல்வேலிக்காரர். கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்துவிட்டார். "ஏறி நீங்களே இழுத்துப் பிடிங்கம்மா" என்றார்.

ஏறினேன். குமிழைப் பாதி இழுத்துப் பிடித்து அறுபது எண்ணினேன். சுருள் கறுப்பாகவே இருந்தது.

"நூறு எண்ணினாலும் செவக்காது. பிளக்குப் போயி மூணு மாசமாச்சு. தெனமும் எறக்கத்துல நிறுத்தி, உருட்டித்தான் கெளப்புதேன். மாத்திக் குடுங்கன்னு கேட்டா, ஒனக்குப் பொறுமை இல்லலேன்னு சொல்லுதாவ மொதலாளி. கம்பெனிக்காரனே அப்படி எழுதிட்டானாம்."

எந்தக் கம்பெனி எழுதியதோ எனக்குத் தெரியாது. வாக்கியம் தெரியும். அதையே நானும் அடித்திருக்கிறேன்.

எஞ்சினைக் கிளப்பும் முறையை அடித்த அந்த ஸ்டென்சிலின் அடியில் ஒரு குறிப்பு உண்டு. அதை மேனேஜர் யாருக்கும் சொல்லச் சொன்னதில்லை. ஆறு பிளக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று போனால் மின்சாரம் அங்கேயே நின்றுவிடும், மற்ற ஐந்தும் சும்மா கிடக்கும். நான் சொல்லச் சொல்ல, டிரைவர் எஞ்சின் மூடியைத் திறந்து ஒவ்வொரு பிளக்கின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டார். நான் குமிழைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவதில் பொறி பறந்தது. அதற்கு மட்டும் ஒரு செப்புக் கம்பியை முறுக்கி, மின்சாரம் அதை ஒதுக்கிவிட்டுப் போக வழி செய்தார். மற்ற ஐந்தும் அதன் சூட்டையும் சேர்த்துச் சுமந்து சீக்கிரம் கருகிவிடும் என்றும் குறிப்பில் இருந்தது. சொன்னேன். "இன்னைக்குப் பொழுது போனாச் சரி" என்றார்.

மறுபடி இழுத்துப் பிடித்தேன். சல்லடைக்குப் பின்னால் சுருள் மெல்லச் சிவந்தது. வெறும் வாக்கியமாகவே அறிந்திருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"நியூட்ரல்லதான் கெடக்கு. முழுசா இழுங்கம்மா!"

இழுத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. லாரி தலையிலிருந்து கால் வரை குலுங்கியது. அந்தக் குலுக்கலில் பின்பலகை வழியாக ஒரு வாளிக் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அப்பா இன்னும் பின்பலகையைப் பிடித்தபடிதான் நின்றிருந்தார்.

லாரி போனதும் பிள்ளை வீட்டாரும் இறங்கி வந்தார்கள். நான் டிரைவர் பக்கத்துக் கதவிலிருந்து இறங்குவதை மூவரும் பார்த்திருந்தார்கள். மாமா நாலடி தள்ளி நின்று, "லெட்டர் போடறோம்" என்றார். அப்பா சொட்டச் சொட்டக் கை கூப்பினார். அந்த லெட்டர் வராது என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

படிக்கட்டுக்குக் கீழே இருந்த குழாயடியில் நான் சொம்பால் தண்ணீர் ஊற்றினேன். அப்பா மூன்றாவது தடவையாக சோப்புப் போட்டார்.

"எதுக்குடி கீழ வந்தே?"

"நீங்க அதைத் தள்ளறதைப் பாக்க சகிக்கலை அப்பா."

"எனக்கு மட்டும் சகிச்சுதா?" என்றார் அப்பா, கையைத் தேய்ப்பதை நிறுத்தாமல். "நீ பாக்கலேன்னு நெனச்சுண்டுதாண்டி தள்ளினேன்."