மூடிய பெட்டிக்குள் தட்டியது யார்?

எனக்குக் குடிப் பழக்கம் இல்லை. தூக்க மாத்திரை போடுகிறவனும் இல்லை. யாராவது பேய், பிசாசு என்று ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் கீழே எழுதியிருப்பதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. போன ஜூலை ஐந்தாம் தேதி, மாலை ஏழு மணியிலிருந்து ஏழே முக்காலுக்குள், சித்திரபுரத்தில் என் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் நடந்தது.

என் பெயர் பவுல்ராஜ். பகலில் வயரிங் வேலை. மிச்ச நேரத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்வேன். நாலு பலகையை ஆணி அடித்து நிறுத்துகிற பெட்டி இல்லை. பிளைவுட்டை வளையம் வளையமாக அறுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக இருபத்துநாலு அடுக்கு பசை போட்டு, கிளாம்ப் மாட்டி இறுக்கி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்குவது. பார்த்தால் ஒரே மரத்தைக் குடைந்த மாதிரி இருக்கும்.

இதில் முக்கியமான வேலை கடைசியில்தான். விரல் முட்டியால் பெட்டியைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். அடுக்கு ஒட்டியிருந்தால் 'டக்'. எங்காவது பசை பிடிக்காமல் இடைவெளி இருந்தால் 'டொக்'. நகக்கண் அளவு இடைவெளியைக்கூட என் காது பிடித்துவிடும். அந்தக் காதைப் பற்றி எனக்கு நிறையவே திமிர் இருந்தது.

அந்தத் திமிரால் வந்த வினையையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வருஷம் ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4.50க்கு எங்கள் தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் மலை இடிந்தது. ஒரு லயம் முழுக்க, வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து தொழிலாளர் வீடு, மண்ணுக்குள் போனது. ஒன்பது பேர் உடல் கிடைத்தது. என் தம்பி ஜோபியின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. அவன் மனைவி எப்சிபா அன்றைக்குப் பிரசவத்துக்காகத் தாய் வீட்டில் இருந்ததால் தப்பினாள். அவன் வீடு இருந்த இடத்தில் தேட வேண்டாம், அங்கே ஆள் இல்லை என்று சொன்னவன் நான்.

வருஷ நினைவு ஆராதனைக்காகத்தான் சபைக்கு இந்தப் பெட்டியைச் செய்தேன். இறந்தவர்கள் பெயரை வாசிப்பார்கள். ஜோபியின் பெயரை வாசிக்கக் கூடாது என்று எப்சிபா சொல்லிவிட்டாள். முகத்தைப் பார்க்காமல் எப்படிச் செத்தவர் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டாள். என்னிடம் பல தடவை ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு உங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லையா அத்தான்? ஒன்றும் கேட்கவில்லை என்றே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை 7.05க்கு என் மனைவி அன்னாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டு ஜெபத்துக்குப் போனாள். வெளியே விடாத மழை. வார்னிஷ் அடிக்கும்போது உள்ளே தூசி போகாமல் இருக்க, ஸ்பீக்கர் பொருத்தும் ஓட்டையை ஒரு பலகையால் மூடி எட்டு ஸ்குரூ போட்டிருந்தேன். பெட்டி மேஜை மேல் இருந்தது. தட்ட ஆரம்பித்தேன்.

டக். டக். டக்.

கீழ் மூலையில்... டொக்.

எரிச்சலாக வந்தது. பசை குறைந்திருக்க வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு முறை தட்டினேன்.

டொக்... டொக்.

நான் தட்டியது ஒன்று. கேட்டது இரண்டு. விரல் வழுக்கி இரண்டு தடவை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு தடவை தட்டிவிட்டுக் கையை மேலே தூக்கிக்கொண்டேன்.

உள்ளே இருந்து மூன்று கேட்டது.

மணி பார்த்தேன். 7.16. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எட்டு ஸ்குரூ போட்டு மூடிய பெட்டிக்குள் எலி எப்படிப் போகும்? போனாலும் அது எண்ணுமா?

பெட்டியைச் சாய்த்துப் பார்க்கலாம் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். மத்தியானம் ஒற்றை ஆளாகத் தூக்கி வைத்த பெட்டி அது. இப்போது ஒரு இம்மிகூட நகரவில்லை. வார்னிஷ் வாசனை போய், பச்சை மண் வாசனை அடித்தது.

என்னிடம் ஒட்டு மைக் ஒன்று உண்டு. பலகையிலோ சுவரிலோ ஒட்டினால் உள்ளே இருக்கும் அதிர்வைப் பிடித்துத் தரும். 7.21க்கு அதைப் பெட்டியில் ஒட்டி, ஹெட்போன் மாட்டினேன்.

டக்... டக் டக்... டக்.

நடுவில் மணல் சரிகிற மாதிரி ஒரு 'சர்ர்ர்'.

இந்தச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். மலை இடிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, மீட்புக்கு வந்த ஆபீசர் ஜேசிபியை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் வாய் மூட வைத்து, என்னைக் கூப்பிட்டார். ஜோபியின் வீடு இருந்த இடத்தில், இதே மைக்கை உடைந்த கான்கிரீட்டில் ஒட்டிக் கேட்டேன். இதே சத்தம். அதன் அடியில் தண்ணீர் பைப் போவது எனக்குத் தெரியும். "ஆள் இல்ல சார். பைப்புல காத்து ஏறுது" என்றேன். ஜேசிபி கீழே ஓடைப் பக்கம் போய்விட்டது.

அந்தச் சத்தம் கேட்டதைத்தான் ஒரு வருஷமாக எப்சிபாவிடம் சொல்லாமல் மறைத்திருந்தேன்.

7.26. ஹெட்போன் வயரைப் பிடுங்கினேன்.

சத்தம் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். அப்போதும் நிற்கவில்லை. இப்போது அவசரமாக...

டக் டக் டக் டக் டக்...

"ஜோபி" என்றேன்.

நின்றது.

மழைச் சத்தமும் நின்றது. ஆனால் வாசலில் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கண்ணால் பார்த்தேன்.

பிறகு ஒரே ஒரு தட்டு. மூடிக்கு உள்ளே இருந்து.

டக்.

ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். ஒன்று... இரண்டு... மூன்று...

ஏழு.

மூடி உள்பக்கமாக இழுபட்டது. மெல்ல வெளியே தள்ளியது. மறுபடி இழுபட்டது.

மூச்சு.

எட்டு.

திறந்தேன்.

ஒன்றுமில்லை. காய்ந்த மரம். சுத்தமாக இருந்தது. கை பட்டதும் பெட்டி லேசாக நகர்ந்தது. 7.43.

அன்னாள் திரும்பி வந்தபோது நான் முற்றத்தில் மழையில் உட்கார்ந்திருந்தேனாம். எனக்கு நினைவில்லை.

விடிந்ததும் எப்சிபாவிடம் போனேன். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு எப்சிபா. தட்டுற சத்தம். பைப்புன்னு சொல்லிட்டேன்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க அத்தான். எடத்தைக் காட்டுங்க."

பஞ்சாயத்து மெம்பரைப் பிடித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, நாலாம் நாள் ஜேசிபி வந்தது. அந்தக் கான்கிரீட்டுக்கு அடியில் ஆறடி. கூரை ஸ்லாப் சாய்ந்து நின்று, ஒரு ஆள் முடங்கிக் கிடக்கிற அளவுக்கு இடம் இருந்தது. ஜோபி அங்கே இருந்தான். ஆராதனையில் அவன் பெயரையும் வாசித்தார்கள். அந்தப் பெட்டியிலிருந்து அன்றைக்கு எந்தக் குறையும் கேட்கவில்லை.

தாமதமானாலும் அவனை எடுத்துவிட்டோம், இனியாவது தூங்கலாம் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் போனைப் பாலிதீன் பையில் சுற்றித்தான் வைத்துக்கொள்வோம். ஜோபியின் போனும் அப்படியே இருந்தது. போலீஸ் அதை வாங்கிப் போய், ஒன்றரை மாதம் கழித்து, அதிலிருந்து எடுக்க முடிந்ததைத் தாளில் அச்சடித்து எப்சிபாவிடம் கொடுத்தார்கள். அவள் அதை என் வீட்டுக்குக் கொண்டு வந்து, உட்காராமல், மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.

டவர் இல்லாததால் போகாமல் நின்றுவிட்ட மெசேஜ்கள். மொத்தம் பதினொன்று. எல்லாம் என் நம்பருக்கு. கடைசியாக வியாழக்கிழமை காலை 6.20க்கு அனுப்பப் பார்த்ததில் எழுத்தே இல்லை, ஒரு புள்ளி மட்டும். செவ்வாய்க்கிழமை மாலை 5.34க்கு டைப் செய்ததை எப்சிபா பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்.

"அண்ணே போயிராதீங்க. நீங்க பேசுறது எனக்கு நல்லா கேக்குது."