கவிஞரின் மகள் போடாத கையெழுத்து

மொன்றியலின் லாசால் பகுதியில் உள்ள முதியோர் இல்லத்தில் காலை வேலையை முடித்து வீட்டுக்கு வந்து, றெஜினா வெந்நீருக்குள் கால்களை வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அருமைநாதன் வந்தார். எழுபதை நெருங்கியவர், ஊர்ச் சங்கத்தின் தலைவர். கையில் ஒரு கடதாசி உறை, அதன்மேல் மடித்த பொன்னாடை.

"அப்பாவை ஊருக்குக் கொண்டுபோகப் போறம், பிள்ளை. கோயிலடியில சிலை, பக்கத்தில கல்லறை. இஞ்ச கிண்டி எடுக்க உம்மட கையெழுத்து வேணும்."

றெஜினா காலை வெளியே எடுக்கவில்லை.

கவிஞர் நீக்கிலாப்பிள்ளையின் மகள் என்றால் மொன்றியல் தமிழருக்குத் தெரியும். றெஜினா என்றால் தெரியாது. இயக்கச் சண்டையில் ஊர்ப் பொடியளை ஊர்ப் பொடியளே சுட்டதை அப்பா ஒருமுறை கவிதையாக எழுதினார். மறுநாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி, விடியமுன்னம் ஊரை விட்டுப் போகச் சொன்னான். ஓட்டி வந்தவன் இறங்கவே இல்லை. அவளுக்கு அப்போது இருபது வயது.

இங்கே வந்தபின் அப்பா ஊரை எழுதினார். அவள் தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குப் பொக்கற் தைத்தாள். புத்தகம் வர வர அவர் பெயர் பெருத்தது. பன்னிரண்டு வருசத்துக்கு முன் அவர் கண்ணை மூடும்வரை சோறு குழைத்து ஊட்டியவள் அவள்தான். தன் கல்யாணப் பேச்சு எப்போது நின்றதென்று அவளுக்கே நினைவில்லை.

இல்லத்தில் அவள் குளிப்பாட்டும் இத்தாலிக்கார அம்மா ஒருநாள் சொன்னார்: அவர்கள் நாட்டிலும் எழுநூறு வருசத்துக்கு முன் ஒரு பெருங்கவிஞனைச் சொந்த நகரமே துரத்தியதாம்; செத்தபின் எலும்பைத் தா என்று கேட்டு நின்றதாம். மகள் என்ன ஆனாள் என்று றெஜினா கேட்டாள். கன்னியாஸ்திரி ஆனாளாம். அதற்குமேல் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

"அண்ணை, அண்டைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டினது நீங்கள்தானே?"

அருமைநாதனைக் காணும்போதெல்லாம் றெஜினாவின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போன கேள்வி. அவர் பொன்னாடையின் சரிகையைத் தடவினார்.

"ஓம், பிள்ளை."

கோபம் வருமென்று நினைத்திருந்தாள். வரவில்லை. கால்தான் உளைந்தது.

"சாகுமட்டும் ஊருக்குப் போகவேணும் எண்டுதான் அப்பா கேட்டவர். கொண்டுபோங்கோ. ஆனா நாங்கள்தான் இவரை ஊரை விட்டுக் கலைச்சனாங்கள் எண்டு கல்லில ஒரு வரி வெட்டவேணும்."

"கொமிற்றி ஒத்துக்கொள்ளாது."

"அப்ப அவர் இஞ்சயே கிடக்கட்டும்."

தை மாதம் ஊரில் சிலையை மட்டும் திறந்தார்கள். வேலை இடைவேளையில் ஃபோனில் படத்தைப் பார்த்தாள். 'ஊர் போற்றிய கவிஞர்' என்று அடியில் வெட்டியிருந்தது. மூக்கு அப்பாவுடையது இல்லை. கூட்டத்தில் அருமைநாதனைக் காணவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, படுக்கை விரிப்பு மாற்றப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவரே அவளுக்கு ஃபோன் எடுத்தார். "நான் ஊருக்குப் போகேல்லை, பிள்ளை. அப்பாவின்ர கல்லறை இருக்கிற சேமக்காலைக்கு எந்த பஸ்ஸில போறது?"

பஸ் இலக்கத்தைச் சொன்னாள். இறங்கும் இடத்தைச் சொன்னாள். பனி இறுகிக் கிடக்கிறது, நல்ல சப்பாத்தாகப் போடுங்கோ என்றாள். கூட வாறன் என்று சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டு, பகல் என்றும் பாராமல் போர்த்திக்கொண்டு படுத்தாள்.