அகார் அகாரில் அப்பாவின் கை

அந்த ஆண்டு தீபாவளிக்கு வீட்டில் அகார் அகார் கிடையாது என்று தெரிந்தபோதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. காரணம் அக்கா. கோலாலம்பூரில் உயிர்மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள், செமஸ்டர் விடுமுறைக்கு வந்ததும் வராததுமாக, அம்மா பிரிஞ்சாங் டவுனில் வாங்கி வைத்திருந்த கடற்பாசித் தூள் பொட்டலங்களை எடுத்துக் கோழிச் சாற்றில் போட்டுக் காய்ச்சிவிட்டாள். தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துச் செய்யவேண்டிய பலகாரத்தில் கோழி! அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு. அதைவிடப் பெரிய அநியாயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இது நீ திங்கிறதுக்கு இல்லடி. கிருமி திங்கிறதுக்கு" என்றாள்.

நான் கை கழுவாமல் சாப்பிட உட்காருவதைப் பார்த்துவிட்டாள். சொன்னால் கேட்கமாட்டேன் என்பதால் கண்ணால் காட்டப் போகிறாளாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களைச் சுத்தம் செய்து, அந்தச் சாற்றை ஊற்றி உறையவிட்டாள். என்னை மட்டும் கழுவாத கையோடு அமுக்கச் சொன்னாள். மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அமுக்கினார்கள். அப்பாவின் உள்ளங்கை டப்பாவுக்குள் அடங்கவில்லை. விரல்களை மடக்கித்தான் அமுக்கினார்.

கிருமி வளரச் சூடு வேண்டுமாம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் கிருமி என்ன, தோசை மாவே பொங்காது. அதற்காகவே அம்மா ஒரு வழி வைத்திருந்தார். காய்கறி ஏற்றும் வெள்ளை நுரைப்பெட்டி ஒன்றில் பல்பை எரியவிட்டு, அதற்குள் மாவுச் சட்டியை வைத்து மூடிவிடுவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதியில் இதே ஏற்பாடுதான். அக்கா அந்தப் பெட்டியைத் திறந்து, சட்டிக்குப் பக்கத்தில் டப்பாக்களை அடுக்கினாள்.

அம்மா பதறிப் போனார். "நல்ல நாளும் அதுவுமா என் மாவுக்குப் பக்கத்துல கிருமியா?"

"மாவு பொங்குறதே கிருமியாலதாம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப இத்தன வருசமா உங்களுக்கெல்லாம் கிருமியவா சுட்டுப் போட்டேன்?" என்று கேட்டவர், அன்று முழுக்க அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை.

மூடியைத் திறந்த அன்று நான் அலறியது பக்கத்து வீடு வரை கேட்டது. என் கை முளைத்திருந்தது. ஆமாம், முளைத்திருந்தது. உள்ளங்கை இருந்த இடமெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டுகள். சுண்டுவிரல் பக்கம் சாம்பல் நிறத்தில் எலிக்குட்டி மயிர்போல ஒன்று. இத்தனையும் தூக்கிக்கொண்டா பள்ளிக்குப் போய் வந்தேன்! ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கண்ணுக்குத் தெரியாதது கூட்டம் சேர்ந்து இப்படித் தெரிகிறது என்று அக்கா விளக்கினாள். அம்மாவின் கையிலும் இருந்தது. அக்காவின் கையிலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. எல்லார் கையிலும் இருக்கும், பெரும்பாலும் கெடுதல் செய்யாது என்று அக்கா சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை.

ஏனென்றால் அப்பாவின் டப்பாவில் ஒன்றுமே இல்லை. ஒரு பொட்டுக்கூட இல்லாமல் ஊற்றி வைத்த அன்று இருந்ததுபோலவே பளபளவென்று இருந்தது.

"பாத்தீங்களா? சோப்புப் போட்டாப் போதாது, தேய்க்கிற தேய்ப்புல இருக்கு லா" என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, சாமி கை என்றார். அன்றிலிருந்து அம்மா ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா கையால்தான் சோறு இறங்கும் என்று அடம்பிடித்தேன். அவருக்கும் அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

அப்பாவின் கைமேல் எனக்கு ஏற்கெனவே பெருமைதான். அவர் தோட்டத்தில் மருந்து அடிப்பவர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு தேயிலைக்கும் புல்லுக்கும் அடிப்பார். தோட்டத்தில் கையுறை கொடுத்திருந்தார்கள். அது சமையலறை ஆணியில் புத்தம் புதிதாகத் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டால் பம்புக் குழாயின் முனையில் அடைப்பு எடுக்க வராதாம். மருந்து கலக்கிக் கலக்கி அவர் நகக்கண்களில் லேசாக நீலம் ஏறியிருக்கும். எல்லாவற்றையும்விட, கொதிக்கும் கல்லிலிருந்து தோசையை வெறும் விரலால் எடுத்துப் போடுவார். அம்மாவுக்குக்கூட அது முடியாது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வெறும் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த டப்பா ஒன்றில் தோசை மாவுத் தண்ணீரை முழுக்கத் தடவி, அதன்மேல் ஐந்து விரலையும் வைக்கச் சொல்லி அப்பாவிடம் நீட்டினாள். அப்பா ஓட்டுப் போடுகிறவர்போல மிடுக்காக வைத்தார்.

தீபாவளிக் காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுப் பாவாடையில் நான். அப்பா கல்லிலிருந்து தோசையை எடுத்து, பிய்த்து, ஆட்டுக்கறிக் குழம்பில் தோய்த்து என் வாயருகே கொண்டுவந்தார். நுரைப்பெட்டியைத் திறந்து பார்த்த அக்கா, டப்பாவும் கையுமாக ஓடிவந்தாள். வந்த வேகத்தில் அப்பாவின் கையை ஓங்கித் தட்டிவிட்டாள்.

தோசை சுவரில் போய் ஒட்டியது. குழம்பு என் பாவாடையெல்லாம். எங்கள் வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசினவர்கூடக் கிடையாது. அதிர்ச்சியில் எனக்கு அழவும் வரவில்லை.

"ஏண்டி, அப்பா கையவா தட்டுற? படிச்ச திமிரா?" என்று அம்மா கையை ஓங்கினார்.

அக்கா டப்பாவை நீட்டினாள். முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருந்தது. நடுவில் ஐந்து வட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. அப்பாவின் விரல் பட்ட இடங்களில் மட்டுமல்ல, அவற்றைச் சுற்றியும் எதுவும் முளைக்கவில்லை.

"இது சுத்தம் இல்லப்பா. மருந்து. கழுவியும் போகல. உங்க விரலுக்குப் பக்கத்துல கிருமிகூட உசுரோட இருக்க முடியலப்பா. இந்தக் கையாலயா பாப்பாவுக்கு ஊட்டுறீங்க? நீங்க சாப்பிடுறதும் இந்தக் கையாலதானப்பா?"

ஓங்கிய கையை அம்மா அப்படியே தன் வாயில் வைத்துக்கொண்டார். அப்பா தன் கையை, யாரோ கொடுத்த பொருளைப் பார்ப்பதுபோல, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அக்கா அவரைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். குளிக்கக் காய்ச்சிய வெந்நீரில் மிச்சமிருந்ததை வாளியோடு எடுத்து வந்து, சோப்புப் போட்டு, நகம் நகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்தாள், கழுவினாள், மறுபடி தேய்த்தாள். வாளியிலிருந்து ஆவி பறந்தது. அக்காவின் கைகள் மணிக்கட்டு வரை சிவந்துபோயின.

சட்டென்று தேய்ப்பதை நிறுத்தினாள். "சுடலையாப்பா?"

"இல்லையே லா. சும்மா வெதுவெதுன்னுதான் இருக்கு" என்றார் அப்பா.

அக்கா அவர் கையை விடாமல் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். வெந்நீர் தன் கையைச் சுட்டுவிட்டதால்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பாவாடையில் குழம்போடு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். எங்கள் அப்பாவுக்கு வெந்நீர்கூடச் சுடாது என்று அங்கிருந்த பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னேன்.