மூன்று கம்பிக் குடை

"குடை பிரிச்சாச்சு. கம்பி மூணு. நடுக் கம்பி கோணல். துணி தண்ணி குடிச்சது."

போன வாரம் பழைய அகராதி ஒன்றைப் புரட்டியபோது இந்தச் சீட்டு விழுந்தது. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியது. தேதி இருந்த மேல்பாதியை எழுதியவரே கிழித்து, தையல் ஊசிகளை அதில் சுற்றி வைத்துக்கொண்டார். எனக்கு மிஞ்சியது கீழ்ப்பாதி: ராகு காலம் 3 - 4.30. ஆக, செவ்வாய்க்கிழமை. எந்த மாதத்துச் செவ்வாய் என்று தெரியவில்லை. பஸ் டிக்கெட்டைக்கூடத் தேதி குறிக்காமல் எடுத்து வைக்காத எனக்கு இது பல்லிடுக்கில் சிக்கிய நார்.

உள்ளூர் வரலாறு பேசும் எங்கள் வாட்ஸப் குழுவில் அதைப் படம் எடுத்துப் போட்டேன். உடனே ஒரு நண்பர் கேட்டார்: "எந்தக் கோயில் குடை சார்? மூணு கம்பியில எப்டி நிக்கும்?" அவர் மேல் தப்பில்லை. இந்த ஊரில் குடை என்றால் பெருமாளுக்குப் பிடிப்பதுதான். ஆனால் இது என்னுடைய பழைய காரின் கூரை. மடக்கித் திறக்கும் துணிக்கூரையை, சீட்டை எழுதிய ஸ்டெல்லா குடை என்றே சொல்வார்.

ஓரிக்கை போகும் சாலையில் ஸ்டெல்லாவின் கடை இருந்தது. ஆட்டோக்களுக்கு டாப்பும் சீட்டும் தைக்கிற கடை. காரை அங்கே விட்டேன் என்றதும் மெக்கானிக் பாபு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஆட்டோ தைக்கிற அக்காகிட்டயா குடுத்த சார்? அது மட்டும் ஒழுங்கா மூடிச்சின்னா நான் மீசைய எடுத்துடறேன்."

நான் ஸ்டெல்லாவிடம் போனதற்குக் காரணம் ஆராய்ச்சியல்ல. கடை பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். முதலில் இருக்கைகளைப் பிரித்தார். மக்கிய தேங்காய் நாரும் எலிப் புழுக்கையும் கலந்த வாசனை. நல்ல வாசனையில்லை, ஆனாலும் மழைக்காலத்தில் ஈரக் கயிற்றை முகர்ந்தால் எனக்கு அந்தக் கடைதான் நினைவுக்கு வருகிறது. பின்சீட்டின் மடிப்பிலிருந்து சரிகை இழைகளை ஊசிமுனையால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "பட்டுக்கட வண்டியா சார் இது? பொடவைங்க ஜம்முனு ஒக்காந்துக்கினு போயிருக்குது." எனக்கு முன்னால் அந்தக் கார் யாரிடம் இருந்தது என்று நான் ஆறு மாதம் விசாரித்துக் கண்டுபிடித்ததை ஸ்டெல்லா ஊசியால் கண்டுபிடித்துவிட்டார். சிவப்புத் தோல் உறைக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்டேன். "பூசு சார். எறும்புக்கு நல்லா இருக்கும்."

சிக்கல் கூரைத் துணியில்தான். அந்த ரகம் இங்கே கிடைக்காது. என் சகலை வெளிநாட்டிலிருந்து வரும்போது, தன் சட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பெட்டியில் சுருட்டிக்கொண்டு வந்த ஒரே துண்டு. ஒரு கூரைக்குச் சரியாக வரும். ஒரு சாண்கூட மிஞ்சாது. போர்ட்டிகோவை அந்தக் கார் அடைத்துக்கொண்டிருப்பதைப் பொறுத்துவந்த என் மனைவி, துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, இது வீணாச்சின்னா வண்டிய எடைக்குப் போட்டுடணும். சரின்னு சொல்லுங்க." சொன்னேன்.

பழைய கூரையைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டு ஸ்டெல்லா அடுக்கினார். அதை வைத்து அப்படியே வெட்டலாமே என்றேன். மூலப் படியே கையில் இருக்கும்போது வேறென்ன சான்று வேண்டும்?

"எத்தினி மழைல நனைஞ்சி சுருங்கியிருக்குது பாரு சார். சுருங்கினத வச்சி அளவெடுத்தா புதுசு குட்டையாத்தான் வரும். துணி நெய்யற ஊர்ல இருந்துக்கினு இது தெரியாதா?"

தெரியவில்லை. ஏடுகளை நம்பியே பழகியவன்.

அடுத்து ஸ்டெல்லா செய்ததைத்தான் இன்றும் வியக்கிறேன். எங்கோ முடிந்துபோன காதணி விழாவின் பிளெக்ஸ் பேனரை எடுத்து, அதிலே முழுக்கூரையும் தைத்துக் கம்பிகளின் மேல் போர்த்தினார். ஒத்திகைக் கூரை. ஓட்டுநர் தலைக்கு மேல் குழந்தையின் பெரிய முகம். பின்சீட்டுக்கு மேல் கைகூப்பிய தாய்மாமன்கள் வரிசை. மூலையில் உள்ளங்கையளவுக்கு அதே குழந்தையின் கைக்குழந்தைப் படம். இரண்டு நாள் வெயிலில் நிறுத்தினோம். பிறகு கூரம் வரை ஓட்டிப் போனோம். காற்று புகுந்து குழந்தையின் கன்னம் உப்பியது. டீக்கடையில் ஒருவர் எட்டிப் பார்த்து, "பந்தி எங்க சார்?" என்றார். ஸ்டெல்லா பின்சீட்டிலிருந்து, "கறி இப்பத்தாம்பா வேவுது, கைய கழுவிக்கினு வா" என்றார்.

திரும்பியதும் பழைய துண்டுகளை அதன் மேல் பரப்பினார். மூன்று விரல் குறைந்தது. அந்த அளவில் வெட்டியிருந்தால் கூரை முன்கண்ணாடியைத் தொட்டிருக்காது. காரும் எடைக்குப் போயிருக்கும். பேனரைப் போர்த்தும் முன்பே நடுக் கம்பியையும் நிமிர்த்த வைத்திருந்தார். அதன் கோணல் தனியாக இரண்டு விரல் துணியைத் தின்றிருக்கும்.

துணி வெட்டும் நாளன்று கத்திரியைக் கையில் எடுத்தவர், சிலுவை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ நின்னா கத்திரி ஓடாது சார். போயி டீ குடிச்சிட்டு வா." போனேன்.

மூன்றாம் நாள், முன்கண்ணாடியின் மேல் கூரையை இழுத்துக் கொக்கியை அழுத்தினார். ஒரே சத்தம், டக். சுருக்கமில்லை, தொங்கலில்லை. ஒரு குடம் தண்ணீரைத் தன் கையாலேயே மேலே ஊற்றினார். உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். நனையவில்லை. மறுவாரம் பாபு மீசையில்லாமல் வந்தார். திருப்பதிக்குப் போயிருந்தேன் என்றார்.

அந்தக் கடை இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது அந்த வரிசையே போய், அந்த இடத்தில் மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. ஸ்டெல்லா ஒரகடம் பக்கம், கார் இருக்கை தயாரிக்கும் தொழிற்சாலையில் ஒரு பிரிவுக்கே மேற்பார்வையாளர். சீட்டு எந்த மாதத்துச் செவ்வாய்க்கிழமை எழுதியது என்று கேட்கலாமென்று கூப்பிட்டேன்.

"மாசம் கெழமையெல்லாம் யாருக்கு சார் ஞாபகம்? பாப்பா நல்லா இருக்குதா?"

"எந்தப் பாப்பா?"

"குடையோட முன்மடிப்புல வெறப்புக்கு அந்த பேனர்ல ஒரு துண்டு வச்சேனே. மூலைல இருந்த கைக்கொழந்த. மூஞ்சிய குறுக்கால வெட்ட மனசு வர்ல. முழுசா உள்ள வச்சி தெச்சிட்டேன்."

போர்ட்டிகோவுக்குப் போய் முன்மடிப்பைத் தடவிப் பார்த்தேன். ஏதோ விறைப்பாக இருக்கிறது. தையலைப் பிரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அப்படித் தைக்க இந்தப் பக்கத்தில் இப்போது ஆளில்லை. மனைவியும் வாசற்படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே குறித்து வைக்கிறேன்: இந்தக் கூரைக்குள் ஒரு கைக்குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது என்பது தைத்தவரின் வாய்மொழி. சரிபார்க்கப்படவில்லை.