உச்சாணி சுடும் ஆப்பிள்

ஆப்பிளைச் சமையல் மேடைமேல் நிறுத்தி, விரல் நுனியால் லேசாகத் தள்ளிப் பார்க்கிறார். ஆடுகிற பழம் அவருக்கு ஆகாது. பழக்கடையிலும் இதே கூத்துதான். "சார், அது பழம் சார், கன்டெய்னர் இல்ல" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "அடி சரியில்லன்னா எதுவும் கவுந்துடும்" என்பார் இவர், அசராமல்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே தீப்பெட்டிகளாகத் தெரியும் கன்டெய்னர்களைத் தூக்கிக் கப்பலில் அலுங்காமல் இறக்குவார். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் உச்சாணி. வீட்டிலும் அதே கைதான். டம்ளரை மேசையில் வைத்தால் சத்தம் வராது. கோபத்தில் சாத்தும் கதவுக்குக்கூட வலிக்காது. "சண்டையிலயாவது படார்னு சாத்துங்களேன், எனக்கும் ஒரு திருப்தி வேணாமா?" என்று மனைவி கேட்டிருக்கிறாள்.

சமையலில் அவருக்குத் தெரிந்தது இந்தச் சுட்ட ஆப்பிள் ஒன்றுதான். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் அடுப்படி அவர் வசம். காம்பைச் சுற்றிக் கத்தியை இறக்கி, கரண்டி முனையால் விதைகளைத் தோண்டி எடுப்பார். அடிப்பக்கம் மட்டும் ஓட்டை விழாது. விழுந்தால் உள்ளே அடைக்கும் வெண்ணெயும் சர்க்கரையும் ஒழுகிவிடும். பிறகு பழத்தின் இடுப்பைச் சுற்றித் தோலில் ஒரு கீறல். "அதுக்கும் மூச்சு விட வழி வேணும்ல. இல்லன்னா வெடிச்சுடும்." உள்ளே வெண்ணெய், சர்க்கரை, உலர்திராட்சை, ஒரு சிட்டிகை பட்டைத்தூள், ஓவன் தட்டில் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான் பண்டம். இத்தனை வருடமாகப் பார்த்தும் மனைவிக்கு அலுக்கவில்லை. இவ்வளவு பெரிய கைக்குள் இவ்வளவு பதமா என்று ஒவ்வொரு தடவையும் வாயடைத்துப்போய் நிற்பாள்.

போன ஞாயிறு அந்தக் கையிலிருந்து ஒரு பழம் கீழே விழுந்தது.

தட்டில் வைப்பதாக நினைத்துத்தான் விட்டார். தட்டு நாலு விரற்கடை தள்ளி இருந்தது. சர்க்கரை தரையெல்லாம் சிதறியது. "வழுக்கிடுச்சு" என்றார். அவள் அடுத்த பழத்தைக் கவனித்தாள். இடது கைச் சுண்டுவிரல் முதலில் போய்த் தட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தது. அதன் பிறகே பழம் இறங்கியது. கரண்டியைக் கழுவி அவர் பக்கம் நீட்டினாள். அவருடைய விரல்கள் கரண்டியை எட்டாமலே வெறும் காற்றைப் பிடித்தன.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "வலது கண்ணுதான். புகை மூட்டமா இருக்கு. ஒரு மாசம் இருக்கும்."

"இதோடயா மேல ஏறுறீங்க?"

"கைக்கே எல்லாம் தெரியும். கண்ணு சும்மா துணைக்கு." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "சொன்னா இறக்கிவிட்டுடுவாங்கம்மா. கீழ வந்து நான் என்ன பண்ணுவேன், சொல்லு. கேட்ல உக்காந்து வண்டி நம்பர் பார்க்கவா?"

"இங்க விழுந்தது ஆப்பிள். அங்க கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

அவர் ஓவன் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடி இடது. உள்ளே தோல் சுருங்கிச் சாறு கொதித்தது; பட்டை வாசம் வீடு முழுக்கப் பரவியது. அவ்வளவு உயரத்துக் கூண்டில், கண் தெரிவதாக அவர் பொய் சொன்னால் கண்டுபிடிக்க ஆள் இல்லை. நாளைக் காலை மறுபடி ஏறிவிட்டால், தடுக்கவும் ஆள் இல்லை.

பழம் வெந்ததும் பிடிதுணியை எடுத்தவர், கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு அவளிடம் நீட்டினார். "நீ எடு. நான் ஒரு போன் பேசணும்."

தட்டை வெளியே இழுக்கும்போதே அவளுக்கு அந்தக் குரல் கேட்டது. "சூப்பர்வைசர் சார், நான்தான். நாளைக்கு மேல வேற ஆளை ஏத்துங்க. காய்ச்சல்லாம் இல்ல, கண்ணு. வலது கண்ணு தெரியல."

மறுமுனையில், துறைமுகத்தில், கப்பல் சங்கு ஊதியதோ என்னவோ, சூப்பர்வைசருக்குக் கேட்கவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட அதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. அவள் சூட்டையும் மறந்து தட்டோடு அசையாமல் நின்றாள்.

கதவைக்கூட அதிர்ந்து சாத்தாத மனிதர் எழுந்து நின்றார். வாயருகே கையைக் குவித்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்: "கண்ணு தெரியல சார்! கண்ணு!"