மில் சங்கும் அல்கால் நட்சத்திரமும்

ஞானதுரை அண்ணாச்சி போய்விட்டார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவர் மகள் போன் செய்தாள்... அதிலிருந்து ஒரே எரிச்சலாக இருக்கிறது. வேறு யார் மேல்? என் மேல்தான்.

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் ஒரே ஸ்பின்னிங் மில்லில் இருந்தோம். அவர் டெஸ்டிங் லேப். நான் டைம் ஆபீஸ். ஷிப்ட் சங்கு ஊதுவது என் வேலை.

அண்ணாச்சிக்கு அல்கால் என்ற நட்சத்திரத்தின் மேல் பைத்தியம். பார்க்க ஒன்று, உண்மையில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றும்போது மங்கலானது பிரகாசமானதை மறைக்கும். ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை ஒளி இறங்கி, திரும்ப ஏறும்.

மொட்டை மாடியில் உட்கார்ந்து, பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, கால் மணிக்கு ஒருதரம் ஒரு நோட்டில் குறிப்பார். எத்தனை மணிக்கு ரொம்ப மங்கியது என்று கிராஃப் போட்டுக் கண்டுபிடிப்பார். வெறும் கண், ஒரு வாட்ச். அந்த வாட்சில் தினமும் எங்கள் சங்கைக் கேட்டுத்தான் நேரம் வைப்பார்.

சுற்றும் காலமே மாறுகிறது என்று ஒருநாள் கேண்டீனில் குதித்தார். மதுரையில் ஒரு புரொபசருக்குக் கடிதம் போட்டார். பதில் வந்தது... முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள் என்று.

நேராக என்னிடம் வந்தார். "ஏலே, சங்கு கரெக்ட்டாத்தான ஊதுத?"

"ஆமா அண்ணாச்சி. செகண்ட் பிசகாது."

பொய்.

ஆட்கள் சீக்கிரம் உள்ளே வரவேண்டும் என்று மேனேஜர் முன்கூட்டியே ஊதச் சொல்வார். சில நாள் ஐந்து நிமிடம், ஆர்டர் நெருக்கினால் பன்னிரண்டு. வெளியே சொன்னால் வேலை போய்விடும். நட்சத்திரத்துக்குப் பத்து நிமிடம் என்ன பெரிய விஷயம் என்றும் நினைத்தேன். மடையன். அவர் கண்ட மாற்றமே என் சங்கின் பிசகுதான்.

என்னை நம்பி இன்னும் மூன்று வருடம் குறித்தார் மனுஷன். ஒருதரம் ரேடியோவில் நேரம் கேட்டிருக்கக் கூடாதா என்று அவர் மேலும் கோபம் வருகிறது.

மில்லை விட்ட பிறகு, தொண்ணூறுகளில், பஸ் ஸ்டாண்டில் வைத்து எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அண்ணாச்சி கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"என்னைக்கு எம்புட்டு நிமிசம் முன்ன ஊதுனன்னு எங்கயாவது எழுதி வச்சிருக்கியாலே? கழிச்சுப் பாத்தா எல்லாம் நேராயிரும்."

எழுதக்கூடாது என்பதுதான் உத்தரவே. அதைச் சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் நோட்டைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இன்று காலை மகள் கேட்கிறாள், "அப்பா நட்சத்திரம் குறிக்கறத ஏன் பாதியில விட்டாவன்னு ஒங்களுக்குத் தெரியுமா சித்தப்பா? எங்ககிட்ட கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன் அம்மா. நான்தான் காரணம்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் அண்ணாச்சி... போயிட்டு வாங்க.